குழந்தைகளுக்கு நீச்சல் கற்பித்தலும் மிதவைகளின் உபயோகமும்

நீரை அண்டி வாழ்வது நம் இரு தொழில்களுக்கும் இயல்பு. உழவருக்குக் கிணறும் வாய்க்காலும் ஏரியும் வேண்டும். நெசவாளருக்கு நூல் நனைக்கவும் சாயந் தோய்க்கவும் தொட்டிகள் வேண்டும். ஆகவே நம் குழந்தைகள் நடக்கத் தொடங்கிய நாள்முதல் நீருக்கு அருகிலேயே வளர்கின்றனர். அவர்களுக்கு நீந்தக் கற்பிப்பதை வெறும் பொழுதுபோக்காகக் கருதுதல் தகாது. உழவும் நெசவும் பழக்குவதற்கு முன்னரே பழக்கவேண்டிய வித்தை அது.

உலகச் சுகாதார நிறுவனம் 2024-ஆம் ஆண்டு டிசம்பரில் வெளியிட்ட அறிக்கையின்படி, 2021-ஆம் ஆண்டில் மட்டும் உலகெங்கும் ஏறத்தாழ 3 லட்சம் பேர் நீரில் மூழ்கி மாண்டனர். அவர்களுள் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கினர் 5 வயதிற்குட்பட்ட குழந்தைகள். இம்மரணங்களில் மிகப் பெரும்பகுதி வருமானம் குறைந்த நாடுகளிலும் நடுத்தர வருமான நாடுகளிலும் நிகழ்கின்றது. வீட்டுப் புறத்துக் குளமும் குட்டையும் கிணறுமே அந்நாடுகளில் பல குழந்தைகளின் உயிரைக் கொள்கின்றன.

நீச்சல் பழக்கும்போது குழந்தைக்கு மிதவை கட்டலாமா, கூடாதா? கட்டுவதாயின் எதைக் கட்டுவது, உடலில் எவ்விடத்தில் கட்டுவது, எத்தனை நாளைக்குக் கட்டுவது? நம் அங்கத்தினர்களிடையே இவ்விஷயத்தில் பலவாறான பழக்கங்கள் உள்ளன. சிலர் மிதவையே கூடாதென்பர். சிலர் மிதவையைக் கட்டிவிட்டுக் கரையேறிச் சென்றுவிடுவர். இரண்டும் சரியல்ல என்பதை இப்பாடத்தில் காண்போம். மிதவை கற்பிப்போனுடைய கருவி. அது நாளுக்கு நாள் குறைந்து இறுதியில் இல்லாமற் போகவேண்டும். குழந்தையைக் காக்கும் பொறுப்பு கையெட்டும் தூரத்தில் நிற்கும் பெரியவருடையது. அப்பொறுப்பை எந்த மிதவையும் ஏற்றுக்கொள்ளாது.

நீர் நம்மைத் தாங்குவது எவ்வாறு?

ஒரு பொருள் நீரில் அமிழும்போது எவ்வளவு நீரை விலக்குகின்றதோ, அவ்வளவு நீரின் எடைக்குச் சமமான விசை அதனை மேல்நோக்கி உந்துகின்றது. கி.மு. 3-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த ஆர்க்கிமிடீஸ் என்னும் கிரேக்க அறிஞர் கண்ட உண்மை இது. ஒரு லிட்டர் நீரின் எடை ஒரு கிலோ. வெளிப்புற அளவு 4 லிட்டராகவும் எடை அரைக் கிலோவாகவும் உள்ள சுரைக்குடுக்கை ஒன்றை முழுதும் நீரில் அமிழ்த்தினால், அது 4 கிலோ நீரை விலக்கும். தன் எடை அரைக் கிலோ போக, மூன்றரைக் கிலோ பாரத்தை அது தாங்கும்.

இருபது கிலோ எடையுள்ள குழந்தைக்கு மூன்றரைக் கிலோ தாங்கல் எப்படிப் போதுமென்று கேட்கலாம். நுரையீரலில் காற்று நிறைந்திருக்கையில் பெரும்பாலோரின் உடல் நீரைவிடச் சற்றே இலேசானது. மூச்சை வெளிவிட்டபின் சற்றே கனமானது. மிதப்பதற்கும் அமிழ்வதற்கும் இடையே உள்ளது நூலிழையளவு வித்தியாசமே. ஆனால் நீருக்கு மேலே எவ்வளவு உடலைத் தூக்குகின்றோமோ, அவ்வளவின் எடையும் முழுமையாக நம்மைக் கீழே அழுத்தும். அஞ்சிய குழந்தை தலையையும் இரு கைகளையும் நீருக்கு மேலே உயர்த்துகின்றது, அதனாலேயே அமிழ்கின்றது. சிறு குழந்தையின் தலை அதன் உடலளவுக்குப் பெரிதும் கனமானதுமாகும். அந்தத் தலையை நீர்மட்டத்திற்கு மேல் நிறுத்தத் தேவைப்படும் சில கிலோ தாங்கலையே மிதவை அளிக்கின்றது.

மிதவையால் விளையும் நன்மையும் இதிலிருந்தே புலப்படும். தாங்கல் கிடைத்தவுடன் அச்சம் தணிகின்றது. அச்சம் தணிந்தால் மூச்சு சீராகின்றது. கைகால்களை அசைத்துப் பழக அவகாசம் கிடைக்கின்றது. "கிணற்றில் தூக்கிப் போட்டால் தானே நீந்திவிடும்" என்னும் பழைய வழக்கம் இந்த மூன்றையும் குழந்தையிடமிருந்து பறித்துவிடுகின்றது. அவ்வாறு கற்றுக்கொண்டவர்கள் நம்மிடையே இருக்கலாம். ஆயினும் அம்முறையால் நீரையே வெறுத்து, வாழ்நாள் முழுதும் நீந்தாமற் போனவர்களும் உண்டு. அதனைக் கைவிடுதலே நன்று.

வழக்கிலுள்ள மிதவைகள்

சுரைக்குடுக்கை: முற்றிய சுரைக்காயை உலர்த்தி எடுப்பது. கொங்கு நாட்டார் இதனைச் சுரைப்புருடை என்பர். இலேசானது, முள் குத்தினாலும் காற்று இறங்கிப்போகும் பொருளன்று. ஆயினும் விரிசல் கண்டால் உள்ளே நீர் புகும். ஒவ்வொரு நாளும் நீரில் அமிழ்த்திக் குமிழி வருகின்றதா என்று பார்த்த பின்னரே கட்டவேண்டும்.

வாழைமரத் துண்டு: வாழை மட்டைகளினுள் காற்றறைகள் உள்ளமையால் மிதக்கின்றது. கையால் பற்றிக்கொண்டு காலடித்துப் பழக ஏற்றது. ஆனால் வழுக்கும். வெட்டிச் சில நாட்களானால் அழுகி நீரை உறிஞ்சும். அவ்வப்போது புதிதாக வெட்டிக்கொள்வது நலம்.

கவிழ்த்த குடம்: பெண்மக்கள் குடத்தைக் கவிழ்த்துப் பற்றிக்கொண்டு நீந்துவது தொன்றுதொட்ட வழக்கம். குடத்தினுள் அடைபட்ட காற்றே தாங்குகின்றது. குடம் சற்றுச் சாய்ந்தாலும் அக்காற்று வெளியேறிவிடும். பிறகு குடம் மூழ்கும். ஆதலின் சிறு குழந்தைகளுக்கு இது ஆகாது.

மூடியிட்ட பிளாஸ்டிக் கேன்: நல்ல தாங்கல் உடையது. மூடி இறுக்கமாக உள்ளதா என்பதே கவனிக்க வேண்டியது. பூச்சிமருந்து இருந்த கேனை எக்காரணத்தாலும் உபயோகித்தல் கூடாது.

லாரி டியூப்: பெரியவர்களுக்கு அளவானது. குழந்தை அதன் நடுவே நழுவி விழலாம். டியூப் கவிழ்ந்தால் கால்கள் மேலாகவும் தலை கீழாகவும் சிக்கிக்கொள்ளக்கூடும். காற்றடைக்கும் பித்தளை முனை உடலைக் கீறும். கற்பிப்பதற்கு இதைவிட, அவசர காலத்தில் வீசி எறிவதற்கே இது பயன்படும்.

கைப்பட்டை: மேற்கையில் மாட்டும் காற்றுப் பட்டைகளை ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரைச் சேர்ந்த பெர்ன்ஹார்ட் மார்க்விட்ஸ் என்பவர் 1964-ஆம் ஆண்டில் உருவாக்கினார். இன்று நகரக் கடைகளில் எங்கும் கிடைக்கின்றன. இவை குழந்தையை நிமிர்ந்த நிலையில் நிறுத்தும். நீந்துவதற்கு உடல் படுக்கை நிலையில் இருத்தல் வேண்டும். ஆகையால் நெடுநாள் இவற்றை மாட்டிப் பழகிய குழந்தை மிதிவண்டி மிதிப்பதுபோல் காலை மிதிக்கக் கற்குமேயன்றி, நீந்தக் கற்பதில்லை.

நுரைப் பலகை: கையால் பற்றிக் காலடித்துப் பழகுவதற்குரியது. உடலோடு கட்டப்படாமையால் விட்டுவிட்டால் விலகிவிடும். ஆசிரியர் அருகில் இருக்கையில் மட்டுமே தரத்தக்கது.

கைக்குழந்தைகளின் கழுத்தில் மாட்டும் காற்று வளையங்களும் சந்தைக்கு வந்துள்ளன. அவற்றை நீர்ச் சிகிச்சைக்கு உபயோகித்தல் கூடாதென்றும், குறிப்பாக உடற்குறைபாடுள்ள குழந்தைகளுக்கு மாட்டலாகாதென்றும் அமெரிக்க நாட்டு உணவு மருந்து நிர்வாகம் 2022-ஆம் ஆண்டில் எச்சரித்தது. நாம் அவற்றை வாங்காதிருப்பதே நலம்.

மிதவையைக் கட்டும் இடம்

மிதவை எப்போதும் நீரின் மேற்பரப்பிற்கே வர முயலும். ஆகவே அது உடலின் எப்பகுதியில் கட்டப்பட்டுள்ளதோ அப்பகுதியே மேலே நிற்கும். இவ்வொரு விதியை மனத்திற் கொண்டால் பல அபாயங்களைத் தவிர்க்கலாம்.

இடுப்பிற்குக் கீழே நழுவிய மிதவை காலை உயர்த்தித் தலையைத் தாழ்த்தும். முதுகில் கட்டிய மிதவை முதுகை மேலாக்கும்; அதாவது முகத்தை நீரை நோக்கித் திருப்பும். குழந்தை தெம்பாகக் கையடித்துத் தலையை உயர்த்தும் வரையில் முதுகுக் குடுக்கை நீச்சல் நிலைக்கு உதவும். அது சோர்ந்துவிட்டாலோ முகம் நீரில் அமிழும். குடுக்கை அதனைத் தடுக்காது. கப்பலிலும் படகிலும் அணியும் உயிர்காக்கும் அங்கியில் நெஞ்சுப் பக்கமும் கழுத்தின் பின்புறமும் தாங்கல் வைத்திருப்பதன் காரணம் இதுவே. அது முகத்தை வானோக்கித் திருப்பும்படி அமைக்கப்பட்டது. ஐரோப்பிய நாடுகளின் தரவிதிகளும் நீச்சல் பயிலும் சாதனங்களையும் உயிர்காக்கும் அங்கிகளையும் வெவ்வேறு வகையாகவே பிரித்து வைத்துள்ளன.

குடுக்கை கட்டுவதாயின், அக்குளுக்குக் கீழே மார்பைச் சுற்றி அகலமான துணிப்பட்டையால் கட்டுக. கயிறு தோலை அறுக்கும்; பழைய வேட்டியைக் கிழித்த பட்டை அறுக்காது. முடிச்சைப் பற்றி நெசவாளருக்குச் சொல்லவேண்டியதில்லை. எனினும் இழுத்தால் இறுகும் சுருக்கு முடிச்சு மட்டும் ஆகாது. பட்டைக்கும் மார்புக்கும் இடையே இரு விரல்கள் நுழையும் இடம் இருக்கட்டும்.

மிதவையால் நேரும் கெடுதல்

மிதவையோடு பழகிய குழந்தை, தன்னைத் தாங்குவது மிதவை என்பதை மறந்து, தானே மிதப்பதாக எண்ணிவிடுகின்றது. ஒருநாள் மிதவையில்லாத நேரத்திலும் அதே துணிவுடன் நீரில் இறங்கிவிடும். பெற்றோரும் அவ்வாறே ஏமாறுவதுண்டு. "குடுக்கை கட்டியிருக்கிறதே" என்று கரையில் அமர்ந்து பேசிக்கொண்டிருப்பர். நீரில் மூழ்குபவர் பெரும்பாலும் கூவுவதில்லை; மூச்சுக்கே திணறும்போது கூவ இயலாது. சத்தமின்றிச் சில நிமிடங்களில் யாவும் முடிந்துவிடும். பேச்சுச் சுவையில் முகந் திருப்பியிருப்பவர் அதனை அறியமாட்டார்.

மிதவையே இன்றிக் கற்பிக்கும் முறையும் உலகில் உண்டு. 1949-ஆம் ஆண்டில் ஜேம்ஸ் மக்மில்லன் என்பவர் லண்டன் நகரின் ஹாலிவிக் பள்ளியில், உடல் இயக்கக் குறைபாடுடைய சிறுமியருக்கு நீச்சல் கற்பிக்கத் தொடங்கினார். அவர் மிதவைகளை நீக்கி, கற்பவர் ஒருவருக்குத் துணைவர் ஒருவர் என்று வைத்தார். நீரில் உடல் எவ்வாறு சுழல்கின்றது, சுழன்ற உடலை எவ்வாறு நேராக்குவது என்பதையே முதற்பாடமாக்கினார். அது ஹாலிவிக் முறை என்னும் பெயரால் இன்றும் பல நாடுகளில் வழங்குகின்றது. மிதவையின் வேலையைத் துணைவரின் கைகள் செய்தன என்பதே நாம் கவனிக்கத்தக்கது. கைகள் போதியவை இருப்பின் மிதவை குறையலாம். மிதவை இருக்கின்றதென்று கைகளைக் குறைத்தலோ தகாது.

படிப்படியாகக் கற்பிக்கும் முறை

தொடக்கப் பாடத்திற்கு ஆழக் கிணறு ஏற்றதன்று. நின்றால் குழந்தையின் மார்பளவு வரும் தெளிந்த நீரும், உறுதியான தரையும், ஏறுவதற்குப் படியும் உள்ள இடத்தைத் தேர்க. ஓடும் வாய்க்கால் கூடாது. கிணற்றிலோ தொட்டியிலோ மின் மோட்டார் பொருத்தப்பட்டிருப்பின், மின்சாரத்தை அறவே துண்டித்த பின்னரே இறங்கவேண்டும்.

முதற்படி: மிதவை வேண்டாம். இறங்கவும் ஏறவும் பழக்குக. நீரில் முகத்தை வைத்து வாயால் ஊதிக் குமிழி விடச் செய்க. மூச்சைக் கட்டுப்படுத்தக் கற்றபின் அச்சம் பாதி அகலும்.

இரண்டாம் படி: பெரியவர் தம் உள்ளங்கையால் குழந்தையின் பிடரியையும் முதுகையும் தாங்கி மல்லாக்கப் படுக்க வைக்கவேண்டும். காது நீரில் அமிழட்டும். குழந்தை உடலைத் தளர்த்தியதும் கையின் தாங்கலைச் சிறிது சிறிதாகக் குறைக்கலாம்.

மூன்றாம் படி: பலகையையோ வாழைத் துண்டையோ பற்றிக்கொண்டு காலடிக்கப் பழக்குக. முழங்காலை மடக்காமல், தொடையிலிருந்து அடிக்கவேண்டும்.

நான்காம் படி: மார்பிலே குடுக்கை கட்டிக் கையையும் காலையும் சேர்த்து அசைக்கப் பழக்குக. ஒவ்வொரு நாளும் பாடத்தின் தொடக்கத்திலும் முடிவிலும் ஐந்து நிமிடம் மிதவையைக் கழற்றிவிட்டுப் பெரியவர் கையிலேயே பழக்குதல் இன்றியமையாதது. மிதவையில்லாத தன் உடல் நீரில் எப்படியிருக்கும் என்பதைக் குழந்தை ஒருநாளும் மறக்கலாகாது.

ஐந்தாம் படி: மிதவையைக் குறைத்தல். பெரிய குடுக்கைக்குப் பதில் சிறியது. பின்னர் அதனினும் சிறியது. குழந்தை சிரமமின்றிச் சில கஜ தூரம் சென்று திரும்பினால் ஒரு படி குறைக்கலாம். அஞ்சினால் ஒருநாள் பொறுத்திருக்கலாம். வாரங்கள் பல கடந்தும் மிதவையின் அளவு குறையவில்லையெனில், கற்பிக்கும் முறையில் பிழை உள்ளதென்று கொள்க.

ஆறாம் படி: மிதவையின்றி நீந்துதல். குப்புற நீந்துகையில் சோர்ந்தால் மல்லாக்கத் திரும்பி இளைப்பாறவும், கரையை நோக்கித் திரும்பவும், தானே ஏறவும் தெரிந்திருக்கவேண்டும். தேர்ந்தபின் ஒருமுறை உடுத்த உடையுடனே, பெரியவர் அருகிலிருக்க, இவற்றைச் செய்து பார்க்கச் சொல்க. தவறி விழும் குழந்தை உடையோடுதான் விழும்.

இவ்வாறு படிகளிலும் பெரியவர் நீரினுள்ளேயே, கை நீட்டினால் குழந்தையைத் தொடும் தூரத்தில் நிற்கவேண்டும். ஒருவர் பொறுப்பில் ஒரு சமயத்தில் ஒரு சிறு குழந்தையே இருப்பது நலம். நீச்சல் கற்ற குழந்தையையும் தனியே நீருக்கு அனுப்பலாகாது.

வங்காள தேசத்துக் குளங்கள் தரும் பாடம்

நம்மைப் போன்றே நீர்நிலைகள் நிறைந்த நாடு வங்காள தேசம். அங்கு வீட்டிற்கொரு குளம் எனத்தக்க அளவில் குளங்கள் உள்ளன. 2005-ஆம் ஆண்டையடுத்துத் தொடங்கிய முயற்சிகளின் பயனாக, அந்நாட்டுக் கிராமங்களில் 4 முதல் 12 வயதுவரை உள்ள குழந்தைகளுக்கு ஊர்க்குளங்களிலேயே நீச்சல் கற்பித்தனர். விலையுயர்ந்த நீச்சற்குளம் எதனையும் கட்டவில்லை. குளத்தினுள் மூங்கிலால் ஒரு மேடையையும், சுற்றிலும் மூங்கில் தடுப்பையும் அமைத்தனர். குழந்தை நிற்கும் ஆழம் மேடையால் நிர்ணயிக்கப்பட்டது. உள்ளூர் இளைஞர்களும் பெண்களுமே பயிற்சி பெற்று ஆசிரியராயினர். 25 மீட்டர் நீந்துவதும், 30 விநாடி மிதந்திருப்பதும், மூழ்குபவருக்குக் கரையிலிருந்தே கொம்பு நீட்டி உதவுவதும் தேர்ச்சிக்கு அளவுகோல். பயின்ற குழந்தைகளிடையே மூழ்கி இறப்போர் தொகை வெகுவாகக் குறைந்ததை ஆராய்ச்சியாளர்கள் 2012-இல் வெளியிட்டனர்.

நீச்சல் கற்கும் வயதை எட்டாத குழந்தைகளுக்கு அந்நாட்டார் வேறு வழி கண்டனர். காலை 9 மணி முதல் பகல் 1 மணி வரை தாய்மார் வேலையில் ஆழ்ந்திருக்கும் நேரம். அந்நேரத்தில் 5 வயதிற்குட்பட்ட குழந்தைகளை ஒரு வீட்டில் கூட்டி, பொறுப்புள்ள பெண் ஒருவர் பார்த்துக்கொள்ள ஏற்பாடு செய்தனர். இதற்கு ஆஞ்சல் என்று பெயர். தறியில் அமர்ந்த தாயும் நடவு வயலில் நிற்கும் தாயும் உள்ள நம் ஊர்களுக்கு இதன் பொருத்தத்தை விளக்கவேண்டுவதில்லை. பள்ளிக்குச் செல்லும் பருவத்திற்கு முன் குழந்தைக் காப்பகமும், பள்ளிப் பருவத்தில் நீச்சற்பயிற்சியும் வேண்டுமென்று உலகச் சுகாதார நிறுவனமும் 2021-இல் பரிந்துரைத்தது.

சங்கங்கள் செய்யத்தக்கவை

ஒவ்வொரு சங்கமும் தன் ஊரிலுள்ள கிணறுகள், பண்ணைக் குட்டைகள், சாயத் தொட்டிகள் ஆகியவற்றைக் கணக்கெடுத்து, கைப்பிடிச் சுவரோ வேலியோ மூடியோ இல்லாதவற்றைக் குறித்துக்கொள்ளலாம். பிளாஸ்டிக் தாள் விரித்த பண்ணைக் குட்டையின் சரிவு மிக வழுக்கும்; நீந்தத் தெரிந்தவரும் அதில் ஏற இயலாமல் தவிப்பர். முடிச்சுகள் இட்ட தடித்த கயிறு ஒன்றைக் கரையில் உறுதியாகக் கட்டி நீருக்குள் தொங்கவிடுவது சிறு செலவு. ஒவ்வொரு நீர்நிலையருகிலும் ஒரு நீண்ட மூங்கிலும், கயிறு கட்டிய ஒரு டியூபும் அல்லது மூடியிட்ட கேனும் வைத்திருக்கவேண்டும். மூழ்குபவரைக் காக்க நீந்தத் தெரியாதவர் குதித்தலாகாது. மூங்கிலை நீட்டுக, மிதவையை வீசுக.

மீட்டெடுத்த குழந்தையைத் தலைகீழாகத் தூக்கிச் சுற்றுவதும் வயிற்றை அமுக்குவதும் தவறு. மூச்சு இல்லையெனில் உடனே வாயோடு வாய் வைத்து மூச்சூட்டி, நெஞ்சை அழுத்தும் முதலுதவியைத் தொடங்கவேண்டும். அதே சமயத்தில் மற்றொருவர் 108-க்குத் தெரிவிக்கவேண்டும். இம்முதலுதவியைச் சங்கத்திற்கு இருவரேனும் முறையாகப் பயின்றிருத்தல் அவசியம்.

கோடை விடுமுறையில் அங்கத்தினர்களின் குழந்தைகளுக்கு ஒரு நீச்சல் வகுப்பு நடத்துவது எந்தச் சங்கத்தின் சக்திக்கும் அப்பாற்பட்டதன்று. சுரைக்குடுக்கை நம் தோட்டத்தில் விளைவது. துணிப்பட்டை நம் தறியில் நெய்வது. மூங்கிலும் அருகிலேயே கிடைப்பது. முறை வைத்து நீரில் இறங்கி நிற்கும் பெரியவர்களே முக்கியமாக வேண்டுவது. அவர்களின் பெயர்ப்பட்டியலோடு வகுப்பைத் தொடங்குக. பட்டியல் நிறையாவிடில் வகுப்பை ஒத்திவைக்குக.

கலந்தாலோசிக்க வேண்டிய வினாக்கள்

1. முதுகில் கட்டிய மிதவைக்கும் உயிர்காக்கும் அங்கிக்கும் உள்ள வேற்றுமை யாது? சோர்ந்த குழந்தையின் முகம் இரண்டிலும் எப்பக்கம் திரும்பும்?

2. வெளிப்புற அளவு 5 லிட்டரும் எடை 400 கிராமும் உள்ள கேன் ஒன்று, முழுதும் அமிழ்ந்த நிலையில் எத்தனை கிலோ பாரத்தைத் தாங்கும்?

3. நம் ஊரில் நீச்சல் பழக்குவதற்கு ஏற்ற ஆழமும் படியும் உள்ள இடம் எது? மூங்கில் மேடை அமைத்துச் சீர்செய்யத்தக்க இடம் எது?

4. அங்கத்தினர் வீடுகளில் 5 வயதிற்குட்பட்ட குழந்தைகள் எத்தனை பேர்? தறியிலும் வயலிலும் வேலை நடக்கும் நேரத்தில் அவர்களைப் பார்த்துக்கொள்பவர் யார்?

5. சென்ற ஆண்டில் மிதவையோடு நீந்திய நம் குழந்தைகளுள் இன்று மிதவையின்றி நீந்தி, தாமே கரையேறக்கூடியவர்கள் எத்தனை பேர்?